மலையை அள்ளுகிற ஆணையர்களுக்கு: கீழே இருக்கும் தண்ணீரையும் பாருங்கள்

தமிழ்நாட்டில் பழைய குப்பைக் கிடங்குகளைத் தோண்டி அகற்றிக்கொண்டிருக்கும் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 19 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் ஊரில் இருப்பது போன்ற குப்பைமேடு உங்கள் ஊரிலும் இருக்கும், அதற்குப் பின்னால் எங்கள் ஊரில் இருப்பது போன்ற தெருவும் இருக்கும்.

அந்தத் தெருவிலிருந்து ஓர் அக்கா வருடத்துக்கு ஒரு முறையாவது கூடத்துக்கு வருவார். கையில் பழைய கூல்டிரிங்க் பாட்டில், அதில் வீட்டு போர் தண்ணீர். "தம்பி, டீ போட்டா கறுத்துப் போகுது. சோறு வடிச்சா மஞ்சளா இருக்கு. குடிக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார். டீ கறுப்பதற்குக் காரணம் இரும்பு. டீத்தூளில் இருக்கும் டானினோடு இரும்பு சேர்ந்தால் மை மாதிரி ஆகிவிடும். நான் வழக்கமான சோதனைகளைச் செய்வேன். பிஎச் (புளிப்புத்தன்மையைக் காட்டும் எண்), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, கிருமி. சில வருடம் தேறாது. ஒரு வருடம் நல்ல மழை பெய்திருந்தது, எல்லா எண்ணும் அனுமதி அளவுக்குள் வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'சோதித்த இனங்களைப் பொறுத்தவரை குடிக்க உகந்தது' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் 'சோதித்த இனங்களைப் பொறுத்தவரை' என்பது சின்ன எழுத்து. 'குடிக்க உகந்தது' கொட்டை எழுத்து. அக்கா இரண்டாவதைத்தான் படித்திருப்பார்.

ஈயம் பார்க்கவில்லை. காட்மியம் பார்க்கவில்லை. குரோமியம், நிக்கல், பாதரசம், ஆர்செனிக் எதையும் பார்க்கவில்லை. உலோகங்களை நுணுக்கமாக அளக்கும் ஏஏஎஸ் கருவி எங்களிடம் கிடையாது, வெளியே அனுப்ப வேண்டும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் காசு. வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற அக்காவிடம் அதைக் கட்டச் சொல்ல வாய் வரவில்லை. கட்டியிருந்தாலும் அந்தக் கூல்டிரிங்க் பாட்டிலில் வந்த தண்ணீர் ஈயத்தைச் சரியாகக் காட்டியிருக்காது. உலோகம் பார்ப்பதற்கான மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு, பிஎச் 2க்குக் கீழே இறக்கி வைக்க வேண்டும். விடாவிட்டால் உலோகம் பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் போகிற தண்ணீரில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிடலாம்.

இதை நான் என்னைப் பற்றிய குற்ற அறிக்கையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அக்காவின் கிணற்றில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கடமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, சட்டப்படி உங்களுக்கு இருக்கிறது. இப்போது நீங்கள் அந்த மலையைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்காமல் விட இதைவிட மோசமான நேரம் கிடையாது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடலாம். குப்பைமேட்டுப் பக்கம் தண்ணீர் எப்படி என்று கேட்டால் அதிகாரிகளும் சரி, ஆர்ஓ மெஷின் விற்கிறவர்களும் சரி, டிடிஎஸ் எண்ணைச் சொல்கிறார்கள். பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தம்ளரில் விட்டு, "பாருங்க, 900" என்கிறார்கள். (இன்னும் சிலர் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைக் காவியாக்கிக் காட்டுவார்கள். அந்தக் காவி அவர்களுடைய கம்பியிலிருந்தே வருகிறது.) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோலில், ஐஎஸ் 10500ல், டிடிஎஸ் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஈயத்துக்கு 0.01 மில்லிகிராம். 500ல் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அந்த பேனா மீட்டரில் கடைசி இலக்கம்கூட அசையாது. உப்புத் தண்ணீரில் ஈயம் இல்லாமல் இருக்கலாம், இனிப்பாக இருக்கும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம். நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்திதான் கூடும்.

சரி, வீட்டுக் குப்பையில் ஈயம் எங்கிருந்து வந்தது? காய்கறித் தோலும் வாழையிலையும்தானே கொட்டினோம் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன். 2006 தேர்தலுக்குப் பிறகு நம் மாநிலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, எங்கள் அம்மா அதில்தான் சீரியல் பார்த்தார். எல்லாம் பழைய பிக்சர் டியூப் பெட்டி. டியூபின் பின்பக்கம் புனல் மாதிரி இருக்கும் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. பெட்டி பழுதானதும் பழைய இரும்புக் கடைக்குப் போனது. கடைக்காரர் காயிலை உருவிச் செம்பை எடுத்துக்கொண்டார், போர்டைத் தனியே விற்றார். கண்ணாடியை யார் வாங்குவார்கள்? அது குப்பை வண்டியில் ஏறியது. இதோடு டார்ச் பேட்டரி, ரீசார்ஜ் பேட்டரியின் காட்மியம், உடைந்த டியூப் லைட்டின் பாதரசம், செருப்புத் தைக்கிற இடத்துத் தோல் துண்டில் குரோமியம், பழைய பெயின்ட் டப்பா. கிடங்கு ஓரத்தில் செம்புக்காக ஒயரைக் கொளுத்திய சாம்பல். முப்பது நாற்பது வருடம் பிரிக்காமல் கொட்டிய மேட்டில் இவை எல்லாம் இருக்கும்.

இருந்தால் மட்டும் தண்ணீருக்கு வந்துவிடாது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், களிம்பு இறங்கும் என்று. (அந்த ஈயம் வெள்ளீயம். நான் பேசுவது காரீயம்.) கிடங்கிலும் அதே சங்கதிதான். ஈரக்குப்பை அழுகத் தொடங்கும் காலத்தில் புளித்துப்போன அமிலச் சாறு ஊறுகிறது. அது உலோகத்தைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. உங்கள் என்ஜினீயர்கள் இதை லீச்சேட் என்பார்கள், கிடங்குப் பக்கம் இருப்பவர்கள் குப்பைச்சாறு என்பார்கள், கறுப்பாக நுரைத்து ஓடும்.

கொஞ்ச வருடம் போனதும் அமிலம் தணிகிறது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அப்போது உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து சல்ஃபைடாகிக் குப்பைக்குள்ளேயே படிந்துவிடுகின்றன. பழைய கிடங்கின் சாற்றை எடுத்துப் பார்த்தால் பல நேரம் ஈயமும் காட்மியமும் குறைவாகத்தான் இருக்கும். இதை நான் மறைக்கப்போவதில்லை. எல்லாக் கிடங்குக்கும் பக்கத்தில் விஷம்தான் என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் இதைச் சொல்லியே சும்மா இருக்கிற அதிகாரிகளோடும் ஒத்துப்போகாது. படிந்து கிடப்பது காற்று படாமல் இருக்கும்வரை. பொக்லைன் இறங்கி மேட்டை வெட்டித் திறந்தால் காற்று உள்ளே போகும். சல்ஃபைடு சல்ஃபேட்டாகும், கூடவே அமிலம் பிறக்கும், படிந்திருந்த உலோகம் மறுபடியும் கரையத் தொடங்கும். திறந்து போட்ட மேட்டின் மேல் ஐப்பசி அடைமழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. குப்பைச்சாறு மண்ணுக்குள் இறங்கினால் அங்கே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. அந்த நிலையில் மண்ணிலேயே இயற்கையாக இருக்கும் இரும்பும் மாங்கனீஸும் கரைந்து தண்ணீருக்கு வருகின்றன. இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டிருந்த ஆர்செனிக்கும் சேர்ந்து அவிழ்ந்து வரலாம். அக்காவின் டீ கறுத்தது எனக்கு ஒரு துப்பு. இரும்பு இப்படி ஏறியிருந்தால் கூட வேறென்ன ஏறியிருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது பயோமைனிங்குக்கு, அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலைக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை. மேடு போக வேண்டும், தீப்பிடித்து ஊரே மூச்சுத் திணறுவது நிற்க வேண்டும். 2024 ஏப்ரலில் கோயம்புத்தூர் வெள்ளலூர் கிடங்கு எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். 2021ல் தொடங்கிய இரண்டாம் கட்டத் தூய்மை இந்தியா இயக்கத்தில் நாடெங்கும் பழைய குப்பையை அகற்றப் பணம் வந்தது. சென்னையில் பெருங்குடியில் சுமார் 225 ஏக்கர் கிடங்கில் வேலை நடந்தது. கொடுங்கையூரில் சுமார் 340 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பை, 640 கோடி ரூபாய்த் திட்டம். எத்தனை டன் அள்ளினோம், எத்தனை ஏக்கர் மீட்டோம் என்று மாதாமாதம் செய்திக்குறிப்பு வருகிறது. கீழே இருக்கும் தண்ணீரில் என்ன இருந்தது, தோண்டத் தொடங்கிய பிறகு என்ன இருக்கிறது என்று தெருவில் இருப்பவருக்கு ஒரு தாள் ஒட்டிய ஊரை நான் பார்த்ததில்லை.

விதிப்படி குப்பை நிரப்பும் இடம் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? 2016 திடக்கழிவு விதிகள் சொன்னது: அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட், நிலத்தடி நீர்மட்டம் அதற்கும் குறைந்தது 2 மீட்டர் கீழே. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே சதுப்பு நிலம் 2022ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பில் நீர்மட்டம் 2 மீட்டர் கீழே எங்கே தேடுவது? குப்பையே தண்ணீருக்குள்தானே கிடந்தது. ஊருக்கு ஊர் இதே கதைதான். ஏரியோ கழுவெளியோ பழைய கல்குவாரியோ, தாழ்வாக எது இருந்ததோ அதைப் பார்த்துக் கொட்டினோம். தண்ணீர் தானாக வந்து சேரும் இடமாகப் பார்த்து விஷத்தையும் சேர்த்துவைத்தோம்.

அதே விதிகள் கிடங்கு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரை மழைக்கு முன், மழைக்காலத்தில், மழைக்குப் பின் என்று பார்க்கச் சொல்லின. குறைந்தபட்சம் அதையாவது செய்யுங்கள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். செய்யும்போது 50 மீட்டரோடு நிற்காதீர்கள். நம் மாநிலத்தின் பெரும்பகுதி பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ஓடுகிறது. போர் போடுகிறவர்களைக் கேளுங்கள், பக்கத்து மனையில் 200 அடியில் ஊற்று பீறிடும், இங்கே 800 அடியில் புழுதி பறக்கும் என்பார்கள். கிடங்கு கேட்டுக்குப் பக்கத்துக் கிணறு நன்றாக இருந்து, அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கீழ்ச்சரிவில் ஒரு போர் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு. மேல்சரிவில் ஒரு கிணற்றையும் சேர்த்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் எது கிடங்கிலிருந்து வந்தது, எது அந்த மண்ணின் குணம் என்று பிரிக்க முடியாது, நாளைக்கு உங்கள் வக்கீலே அதைத்தான் கேட்பார்.

எண்களிலும் ஒரு பொடி வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகளில் கிடங்கைச் சுற்றிய நிலத்தடி நீருக்கு ஈயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை. 2012ல் திருத்திய குடிநீர் அளவுகோலில் 0.01. ஒரே கிணறு, ஒரே தண்ணீர், 0.03 இருந்தால் பழைய கணக்கில் பாஸ், புதிய கணக்கில் மூன்று மடங்கு ஃபெயில். எந்த அளவுகோலை வைத்து 'வரம்புக்குள்' என்று எழுதுகிறீர்கள் என்பதைத் தாளிலேயே போடுங்கள். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. மூளை வளரும் வயதில் அது செய்யும் கெடுதல் பின்னால் சரியாவதில்லை. காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லில் ஏறி, எலும்பு நொறுங்கும் நோய் வந்ததை வேதியியல் படித்த யாரும் மறக்க மாட்டார்கள். நம் கிடங்குகளில் அந்த அளவுக்கு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அளவு என்ன என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் அந்த மண். பயோமைனிங்கில் சலித்தால் பிளாஸ்டிக் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், அடியில் பொடிமண் வருகிறது. எடையில் பெரும்பங்கு அதுதான். பார்க்கக் கறுப்பாக, நல்ல உரமண் மாதிரி இருக்கும். உலோகம் ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்தப் பொடியில்தான். 2016 விதிகளில் உரத்துக்கு வரம்பு இருந்தது: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50. இதைத் தாண்டினால் உணவுப் பயிருக்குப் போடக் கூடாது என்றன அந்த விதிகள். உங்கள் பொடிமண் லாரி லாரியாக எங்கே போகிறது? பள்ளம் நிரப்ப என்று சொன்னால் எந்தப் பள்ளம்? அது யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில்? எங்கள் ஊரில் ஒரு தென்னந்தோப்புக்கு இரண்டு லோடு போனதை நானே பார்த்தேன். தோப்புக்காரர் சந்தோஷமாக இறக்கிக்கொண்டிருந்தார். சோதித்தார்களா என்று கேட்டேன். "மண்ணுக்கு என்னங்க சோதனை?" என்றார். ஒரு மலையைப் பிரித்து ஐம்பது சின்ன மேடுகளாக ஊர் முழுக்க வைப்பதற்கு 640 கோடி தேவையில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஒன்று நினைவுபடுத்துகிறேன். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் முக்கியமானது 1996 ஆகஸ்டில் வந்த வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கு. நம் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றியது. அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல் பக்கக் கணக்கொன்றும் வருகிறது: 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன. ஒவ்வொரு கிணறாக எண்ணிப் பார்த்த அந்த வேலையைச் செய்தது அரசு இல்லை, ஒரு தொண்டு நிறுவனம். நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படும் சட்டம் தமிழ்நாட்டுக் கிணறுகளை எண்ணியதில் வந்தது. தோல் ஆலை முதலாளிக்குச் சொன்னது குப்பை கொட்டிய மாநகராட்சிக்கும் பொருந்தும்தானே? 640 கோடித் திட்டத்தில் நூறு கிணறுகளை வருடத்துக்கு மூன்று முறை பார்ப்பது ஒரு செலவே இல்லை. ஒப்பந்தக்காரருக்கு எடைக்குத்தானே பணம் கொடுக்கிறீர்கள்? பில் பாஸாக வேண்டுமென்றால் அந்த மாதத்துக் கிணற்று ரிப்போர்ட் கூட இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மேட்டை அள்ளி முடித்து, பூங்கா வைத்து, நாடா வெட்டிய பிறகும் கிணறுகளைப் பார்க்க வேண்டும். குளோரைடு தண்ணீரின் வேகத்திலேயே போகும், முதலில் வந்து சேரும். உலோகம் களிமண்ணைப் பிடித்துப் பிடித்து மெதுவாக நகரும், வருடங்கள் கழித்து வரும். மூடிய கிடங்கைக் குறைந்தது 15 வருடம் கவனிக்க வேண்டும் என்று 2016 விதிகளில் வைத்திருந்தது அதனால்தான். குப்பையே இல்லையே, பிறகு எதைக் கவனிப்பது என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் அலுவலக அலமாரியில் வைக்காமல் தெருமுனையில் ஒட்டுங்கள். தமிழில், அளவோடு, வரம்போடு. எந்தக் கிணறு தேறவில்லையோ அந்தத் தெருவுக்கு மறுநாளே குழாய்த் தண்ணீரோ லாரியோ போகட்டும். கேன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லாதீர்கள். ஒரு கேன் முப்பது நாற்பது ரூபாய்க்கு வாங்கிக் குடித்தாலும் சமைப்பதற்கும் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கும் போர் தண்ணீர்தான் போகிறது. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் அப்படித்தான்.

மாதிரி எடுக்க ஆள் அனுப்பும்போது நைட்ரிக் அமிலத்தைக் கொடுத்தனுப்புங்கள். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீர் போன பிறகு பிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால் அந்த அக்கா தன் வீட்டு போரையும் பக்கத்து ஏழு வீட்டு போரையும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். காலை ஆறரைக்குள் வர வேண்டும். அதற்கு மேல் அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படிக்கு,
அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன்